மேனுவல் லென்ஸில் எக்ஸ்டென்ஷன் டியூப் பொருத்தி மேக்ரோ படம் எடுப்பது: முழுமையான வழிகாட்டி

தென்காசி மாவட்டத்துப் புளியரையைத் தாண்டி எஸ் வளைவில் ஏறிக் கோட்டைவாசலை அடைந்தால் அங்கிருந்து கேரளம். ஆரியங்காவுக் கணவாய் என்று நாங்கள் சொல்லும் அந்த மலை இடைவெளி வழியாகத்தான் ஆனி பிறந்தவுடன் சாரலும் காற்றும் செங்கோட்டைப் பக்கம் இறங்குகின்றன. சாரல் விழுந்த சில நாட்களில் வரப்புகளில் தும்பையும் தொட்டாற்சுருங்கியும் தழைக்கின்றன. ஊசித்தட்டானும் வெட்டுக்கிளியும் கும்பிடுபூச்சியும் வந்து சேர்கின்றன. மாமரத்தில் முசுறு எறும்புகள் இலைகளைப் பின்னிக் கூடு கட்டுகின்றன. இவற்றை அருகிலிருந்து படம் எடுக்க ஆசைப்படுபவர் விலை உயர்ந்த மேக்ரோ லென்ஸ் வாங்கியே ஆக வேண்டும் என்பதில்லை. வீட்டு அலமாரியில் கிடக்கும், கையால் திருப்பி ஃபோகஸ் செய்யும் பழைய 50 மி.மீ. மேனுவல் லென்ஸ் ஒன்றும், எக்ஸ்டென்ஷன் டியூப் என்று கேட்டால் கிடைக்கும் உலோகக் குழாய்த் தொகுப்பு ஒன்றும் இருந்தால் தொடங்கிவிடலாம்.

தொகுப்பு கைக்கு வந்தவுடன் பெரும்பாலோர் மூன்று குழாய்களையும் ஒன்றாகத் திருகி, எறும்பின் முகம் திரையை நிறைக்கும் அளவுக்குப் பெரிதாக்கப் பார்ப்பார்கள். நானும் இரண்டு சாரல் பருவங்களை அப்படியே கழித்தேன். தெளிவான படம் என்று எடுத்து வைக்க மிகச் சிலவே மிஞ்சின. இயல்பான உருவத்தில் பாதி அளவோடு நிறுத்திக்கொண்ட பிறகுதான் படங்கள் தேறத் தொடங்கின. காற்று ஓயாத எங்கள் பகுதியில் பாதி அளவு ஏன் போதும் என்பதைக் கணக்கோடு காட்டி, அங்கிருந்து ஒவ்வொரு படியாக விளக்குகிறேன்.

குழாய் செய்யும் வேலை

குழாய்க்குள் கண்ணாடி எதுவும் இல்லை. அது ஒரு வெற்று இடைவெளி மட்டுமே. கேமராவில் படம் பதியும் தகடான சென்சாரை விட்டு லென்ஸ் விலக விலக, அது தெளிவாகக் காட்டக்கூடிய பொருளின் தொலைவு குறைந்துகொண்டே வரும். அருகில் உள்ள பொருள் பெரிதாகப் பதிவாகும். எவ்வளவு பெரிதாக என்பதை ஒரு எளிய வகுத்தல் சொல்லிவிடும்: குழாயின் நீளத்தை லென்ஸின் குவியத்தொலைவால் (லென்ஸில் எழுதியிருக்கும் 50 மி.மீ. போன்ற எண்) வகுத்தால் உருப்பெருக்கம் கிடைக்கும். 50 மி.மீ. லென்ஸில் 25 மி.மீ. குழாய் என்றால் பாதி அளவு, 50 மி.மீ. குழாய் என்றால் முழு அளவு, அதாவது சென்சாரின் மேல் விழும் பிம்பம் பொருளின் உண்மை அளவிலேயே இருக்கும். லென்ஸின் ஃபோகஸ் வளையத்தை மிக அருகாமை வரை திருப்பினால் லென்ஸ் மேலும் 7 மி.மீ. அளவுக்கு முன்னே நகரும் என்பதால், அதையும் குழாய் நீளத்தோடு கூட்டிக்கொள்ள வேண்டும்.

சந்தையில் பரவலாகக் கிடைக்கும் மலிவான தொகுப்புகளில் 7, 14, 28 மி.மீ. என மூன்று வளையங்கள் இருக்கும். 50 மி.மீ. லென்ஸில் இவை முறையே 0.14, 0.28, 0.56 மடங்கு தருகின்றன. மூன்றையும் சேர்த்தால் 49 மி.மீ., கிட்டத்தட்ட முழு அளவு. சில தொகுப்புகளில் கேமராவோடும் லென்ஸோடும் பூட்டும் இரு முனைப் பகுதிகள் தனியாக வரும். அவற்றின் தடிமனும் கணக்கில் சேரும் என்பதால், அட்டைப் பெட்டியில் அச்சிட்ட எண்ணை நம்பாமல் அளவுகோலை வைத்து நீங்களே ஒருமுறை அளந்துகொள்ளுங்கள்.

நீளமான லென்ஸ் அதிகமாகப் பெரிதாக்கும் என்று நினைப்பது இயல்பு. குழாயைப் பொறுத்தவரை நடப்பது அதற்கு நேர்மாறானது. அதே 28 மி.மீ. வளையம் 135 மி.மீ. லென்ஸில் 0.21 மடங்குதான் தரும்; 28 மி.மீ. அகலக் கோண லென்ஸிலோ முழு அளவையே தந்துவிடும். ஆனால் அகலக் கோண லென்ஸில் அந்த அளவுக்குப் போனால் பூச்சி முன்கண்ணாடியை ஒட்டினாற்போல் இருக்க வேண்டியிருக்கும். லென்ஸின் நிழலே அதன் மேல் விழும்.

இந்த வசதிக்கு நாம் கொடுக்கும் விலை மூன்று. முதலாவது வெளிச்சம்: பாதி அளவில் சென்சாரை அடையும் ஒளி இரண்டேகால் மடங்கு குறைகிறது, முழு அளவில் நான்கு மடங்கு, அதாவது இரண்டு ஸ்டாப் குறைகிறது (ஒளி பாதியாவது ஒரு ஸ்டாப்). இரண்டாவது, தொலைவில் உள்ளது எதுவும் தெளியாது. 50 மி.மீ. லென்ஸில் குழாய் மாட்டியிருக்கும் வரை உங்கள் கேமரா ஒரு சாண், இரு சாண் தூரத்துக்குள் மட்டுமே பார்க்கும். மூன்றாவது, தெளிவாகத் தெரியும் ஆழம் மிகவும் மெலிந்துவிடும். ஏபிஎஸ்-சி எனும் அளவுள்ள சென்சார் கொண்ட கேமராவில், லென்ஸின் ஒளித்துளையான அப்பெர்ச்சரை எஃப்/8 என வைத்து எடுத்தால் (எண் கூடக் கூடத் துளை சுருங்கும்), பாதி அளவில் ஏறக்குறைய 2 மி.மீ. ஆழமும் முழு அளவில் ஏறக்குறைய 0.6 மி.மீ. ஆழமும்தான் தெளிவாக இருக்கும். முசுறு எறும்பின் தலை அகலத்தை நினைத்துப் பாருங்கள். முழு அளவில் ஒரு கண் தெளிந்தால் மறு கண் தெளியாது.

பாதி அளவு போதும் என்பதற்கான கணக்கு

ஏபிஎஸ்-சி சென்சாரின் அகலம் ஏறத்தாழ 23.5 மி.மீ. பாதி அளவில் எடுத்தால் 47 மி.மீ. அகலமுள்ள காட்சி படத்துக்குள் அடங்கும். ஓர் ஊசித்தட்டான் தலை முதல் வால் வரை அதில் நிற்கும். 24 மெகாபிக்சல் கேமராவில் அந்த 47 மி.மீ. மீது 6000 பிக்சல்கள் பரவுகின்றன, அதாவது ஒரு மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 128 பிக்சல்கள். எட்டு மில்லிமீட்டர் நீளமுள்ள முசுறு எறும்புக்கு ஆயிரம் பிக்சல் கிடைக்கிறது. திரையில் பார்ப்பதற்கும் அஞ்சலட்டை அளவில் அச்சிடுவதற்கும் இது தாராளம்.

இப்போது காற்றைக் கணக்கில் எடுத்துக்கொள்வோம். ஓர் இலை நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் மட்டுமே அசைகிறது என்று வையுங்கள். கண்ணுக்கு அது அசையாததுபோலவே தோன்றும். 1/200 நொடியில் அந்த இலை 0.05 மி.மீ. நகர்ந்துவிடுகிறது. பாதி அளவில் இது 6 பிக்சல் கலக்கம். படத்தைச் சிறிதாக்கும்போது பெரும்பாலும் மறைந்துவிடும். முழு அளவில் அதே அசைவு 13 பிக்சல் கலக்கமாகப் பதிந்து, எறும்பின் கண்ணை மங்கிய பொட்டாக்கிவிடும். வெளிச்சமும் அங்கே கூடுதலாகக் குறைவதால் ஷட்டர் வேகத்தை உயர்த்தவும் வழியிருக்காது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்னும் ஊரில் இலை நுனியை முழு அளவில் எடுக்க முயல்வது வீண் உழைப்பு. முழு அளவைக் காற்று அடங்கிய நாட்களுக்கும், அசையாத பொருள்களுக்கும், ஃப்ளாஷ் பயன்படுத்தும் நேரத்துக்கும் ஒதுக்கி வையுங்கள்.

லென்ஸைத் தேர்ந்தெடுத்தல்

தொடங்குவதற்கு 50 மி.மீ. லென்ஸே நல்லது. எஃப்/1.8, எஃப்/2 வகையைச் சேர்ந்த பழைய லென்ஸ்கள் விலை குறைவு, எஃப்/5.6 முதல் எஃப்/11 வரை மூடினால் அருகாமையிலும் நன்றாகவே வரைகின்றன. சோவியத் நாட்டுக் கேமராக்களோடு வந்த ஹீலியோஸ் 44 வகை 58 மி.மீ. லென்ஸ்களும் இதற்குப் பொருத்தமானவை. பாதி அளவில் 50 மி.மீ. லென்ஸின் நடுப்பகுதியிலிருந்து பூச்சிக்கு 150 மி.மீ. தொலைவு கிடைக்கும், முழு அளவில் அது 100 மி.மீ. ஆகக் குறையும். கூச்சமுள்ள தட்டானுக்கு இது போதாது என்று தோன்றினால் 135 மி.மீ. லென்ஸில் மூன்று குழாய்களையும் மாட்டுங்கள். 0.36 மடங்குதான் கிடைக்கும், ஆனால் அரை மீட்டர் தள்ளி நின்று எடுக்கலாம். பட்டாம்பூச்சிகளுக்கும் தட்டான்களுக்கும் நான் இதையே விரும்புகிறேன்.

எங்கள் பக்கத்துச் சிற்றூர்களில் இருட்டறை வைத்திருந்த பழைய ஸ்டுடியோக்காரர்களை அறிந்தவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. புகைப்படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜர் கருவியின் லென்ஸ், பிறவியிலேயே அருகாமைக்கென வடிக்கப்பட்டது. படத்தின் ஓரம் வரை சீராக வரையும். அதில் ஃபோகஸ் வளையம் இருக்காது. பெரும்பாலானவை எம்39 எனும் 39 மி.மீ. விட்டத் திருகு கொண்டவை. அதை எம்42, அதாவது 42 மி.மீ. திருகாக மாற்றும் மெல்லிய வளையம் ஒன்றையும், திருகினால் நீளும் ஹெலிகாய்டு ஒன்றையும் சேர்த்தால் குழாயோடு இணைந்துவிடும்.

லென்ஸை வாங்கும் முன் வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து, அப்பெர்ச்சரை முழுக்கத் திறந்து, உள்ளே பாருங்கள். சிலந்தி வலைபோல் நரம்பு நரம்பாகத் தெரிந்தால் அது பூஞ்சணம். சாரல் படும் ஊர்களில் பல ஆண்டுகள் அலமாரியில் கிடந்த லென்ஸ்களில் இது மிகச் சாதாரணம். படத்தை மட்டும் பார்த்து நான் தபாலில் வரவழைத்த லென்ஸ் ஒன்று பின்கண்ணாடி முழுவதும் பூஞ்சணத்தோடு வந்தது. விற்ற கடை திரும்பப் பெறவில்லை. அடுத்து, அப்பெர்ச்சர் இதழ்களில் எண்ணெய்ப் பளபளப்பு இருக்கிறதா, வளையத்தைத் திருப்பியவுடன் இதழ்கள் உடனே மூடுகின்றனவா என்று பாருங்கள். தூசும் முன்கண்ணாடியில் ஓரிரு கீறலும் பொருட்டல்ல.

கேமராவுக்கும் லென்ஸுக்கும் இடையே

ஒரே நிறுவனத்தின் கேமராவும் லென்ஸும் குழாயும் இருந்தால் சிக்கல் இல்லை. நிக்கான் பழைய அப்பெர்ச்சர் வளையமுள்ள லென்ஸ்களைச் சாதாரண உலோகக் குழாயில் மாட்டினால், வளையத்தில் வைத்த அளவுக்கு இதழ்கள் தாமே மூடிக்கொள்ளும். வளையமே இல்லாத புதிய லென்ஸ்களில் இதழ்கள் கடைசி வரை மூடிக்கொண்டு படம் இருண்டுவிடும். இந்த வழிகாட்டிக்கு அவை ஏற்றவை அல்ல.

1949ஆம் ஆண்டு காண்டாக்ஸ் எஸ் கேமராவோடு வந்த எம்42 திருகு, பின்னர் பல நாட்டு நிறுவனங்களும் கையாண்ட பொதுத் திருகாகிவிட்டதால், பழைய லென்ஸ் தேடுபவர்களின் கைக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் அதுவே. லென்ஸ் பூட்டும் இடத்திலிருந்து சென்சார் வரை எம்42 முறையில் 45.46 மி.மீ. தொலைவு தேவை. கேனான் இஎஃப் கேமராவில் அத்தொலைவு 44 மி.மீ. என்பதால் ஒன்றரை மில்லிமீட்டர் வளையம் ஒன்று போதும். நிக்கான் எஃப் முறையில் 46.5 மி.மீ. இருப்பதால், கண்ணாடியில்லாத வளையம் போட்டால் தொலைதூரம் தெளியாது என்று கடைக்காரர்கள் எச்சரிப்பார்கள். அது உண்மைதான், ஆனால் நமக்குத் தொலைதூரம் வேண்டியதில்லை. கண்ணாடியுள்ள வளையத்தைத் தவிர்த்துவிட்டு, வெற்று வளையத்தையே தயங்காமல் வாங்குங்கள்.

உள்ளே ஆடி இல்லாத மிரர்லெஸ் கேமரா வைத்திருப்பவர்களுக்கு வழி இன்னும் எளிது. சோனி இ முறையில் அத்தொலைவு 18 மி.மீ. மட்டுமே, எனவே எம்42 லென்ஸுக்கான அடாப்டர் தானே 27.5 மி.மீ. நீளமுள்ள ஒரு குழாய்தான். அந்த நீளம் லென்ஸின் இயல்பான இடத்தைச் சரிசெய்வதற்கே செலவாகிவிடுவதால் அதை உருப்பெருக்கக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அடாப்டருக்கும் லென்ஸுக்கும் நடுவில் எம்42 குழாயைத் திருகுங்கள். அதன் நீளத்தை மட்டும் கணக்கிடுங்கள்.

எம்42 லென்ஸ்களின் பின்புறத்தில் சிறிய ஊசி ஒன்று இருக்கும். கேமரா அதை அழுத்தும்போதுதான் அப்பெர்ச்சர் மூடும் என்பது பழைய ஏற்பாடு. சாதாரணக் குழாய் அந்த ஊசியை அழுத்தாது. ஆகவே தானியங்கி, கைமுறை என மாற்றும் சிறு விசை உள்ள லென்ஸாகப் பார்த்து வாங்கி, விசையைக் கைமுறைப் பக்கம் தள்ளிவிடுங்கள். ஹீலியோஸ் 44-2 போன்ற ப்ரீசெட் லென்ஸில் ஊசியே இல்லை. இரண்டு வளையங்களில் ஒன்றில் வேண்டிய எண்ணை வைத்துவிட்டு, மற்றதால் திறந்து ஃபோகஸ் செய்து, பிறகு பாராமலே அந்த எண் வரை மூடலாம். மேக்ரோ வேலைக்கு இதைவிட வசதியான அமைப்பை நான் கண்டதில்லை.

பூட்டும் முறை

வீட்டுக்குள், காற்றாடியை நிறுத்திவிட்டு, மேசையில் சுத்தமான துணியை விரித்துக்கொள்ளுங்கள். புதிய குழாய்களின் திருகுப் பற்களில் நுண்ணிய உலோகத் துகள்கள் ஒட்டியிருக்கும். அவை சென்சாரில் விழுந்தால் தொல்லை. ஒவ்வொரு வளையத்தையும் மென்துணியால் உள்ளும் புறமும் துடைத்து, காற்றுப் பம்பால் ஊதுங்கள். அடுத்து, குழாயின் உட்புறத்தை விளக்கொளியில் பாருங்கள். பளபளவென்று இருந்தால் அந்தப் பளபளப்பு ஒளியைச் சிதறடித்து, படத்தின் மேல் வெண்திரை விழுந்ததுபோல் ஆக்கிவிடும். கறுப்பு வெல்வெட் தாளையோ பளபளப்பில்லாத கறுப்புத் தாளையோ பட்டையாக வெட்டி உட்சுவரில் ஒட்டினால் போதும். திருகுப் பகுதியைத் தாள் தொடக் கூடாது. பசை முழுவதும் காய்ந்த பிறகே மாட்டுங்கள். பத்து நிமிட வேலைதான். மலிவான குழாய்க்கும் விலை உயர்ந்த குழாய்க்கும் உள்ள வேறுபாட்டில் பெரும்பகுதியை இது நீக்கிவிடும்.

முதலில் குழாய்களை ஒன்றோடொன்று சேர்த்து, பிறகு அவற்றை லென்ஸில் பூட்டி, கடைசியாகக் கேமராவின் மூடியைத் திறந்து, கேமராவைக் கீழ்நோக்கிப் பிடித்தபடி பொருத்துங்கள். சென்சார் திறந்திருக்கும் நேரம் இதனால் குறையும். திருகு ஏறும்போது தடுக்கினால் வற்புறுத்தாமல், ஒரு சுற்றுப் பின்னோக்கித் திருப்பி மீண்டும் தொடங்குங்கள். இறுக்கமாகவும் முடுக்க வேண்டாம். ஈரக் கையோடு முடுக்கிய இரண்டு வளையங்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு எனக்கு அரைநாளைப் பறித்தன. கடைசியில் சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய இரண்டு ரப்பர் பட்டைகளை வளையங்களின் மேல் சுற்றிப் பிடித்துத் திருப்பிய பிறகே பிரிந்தன. அன்று முதல் அந்தப் பட்டைகள் என் பையில் இருக்கின்றன.

கேமரா அமைப்புகள்

லென்ஸோடு மின்தொடர்பு இல்லாததால், மிரர்லெஸ் கேமராக்கள் லென்ஸ் இல்லை என்று கருதிப் படம் எடுக்க மறுக்கும். மெனுவில் லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்க அனுமதிக்கும் தேர்வைத் தேடி இயக்குங்கள். கேமராவை எல்லாவற்றையும் கையால் அமைக்கும் எம் நிலையில் வையுங்கள். அப்பெர்ச்சர் எண் திரையில் தெரியாது அல்லது பூச்சியமாகத் தெரியும். கவலை வேண்டாம், அதை லென்ஸின் வளையம் பார்த்துக்கொள்ளும். தெளிந்த விளிம்புகளை வண்ணத்தில் காட்டும் ஃபோகஸ் பீக்கிங் வசதி இருந்தால் இயக்கலாம், ஆனால் அருகாமையில் அது காட்டும் வண்ணக் கோடுகளை முழுதாக நம்பாமல், திரையைப் பெரிதாக்கிப் பார்த்து உறுதி செய்யுங்கள். ஆடியுள்ள டிஎஸ்எல்ஆர் கேமரா வைத்திருப்பவர்கள், கண் வைத்துப் பார்க்கும் கண்காட்டி இருண்டு தெரிவதால், பின்திரையில் காட்டும் லைவ் வியூவில் பார்ப்பதே நல்லது.

சாரல் மூட்டமுள்ள காலைப் பொழுதில் திறந்த வரப்பில் பாதி அளவுக்கு நான் தொடங்கும் அமைப்பு எஃப்/8, 1/200 நொடி, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) 800. தோப்பு நிழலுக்குள் போனால் ஐஎஸ்ஓவை 3200 வரை உயர்த்த வேண்டியிருக்கும். படத்தில் மணல்போல் புள்ளிகள் சிறிது தெரிந்தாலும் பரவாயில்லை, கலக்கம் கூடாது. அதே நேரத்தில், ஆழம் வேண்டும் என்பதற்காக எஃப்/22 வரை மூடிவிடாதீர்கள். குழாய் போட்ட லென்ஸில் வளையத்தில் உள்ள எண் உண்மை எண் அல்ல. முழு அளவில் எஃப்/8 என்பது எஃப்/16 போலவும், எஃப்/22 என்பது எஃப்/44 போலவும் நடந்துகொள்ளும். அந்த அளவில் ஒளி வளைந்து பரவி, படம் முழுவதும் மழுங்கிவிடும். பாதி அளவுக்கு எஃப்/8 முதல் எஃப்/11, முழு அளவுக்கு எஃப்/5.6 முதல் எஃப்/8 என்பதே நான் தாண்டாத எல்லை.

அளவுகோல் பயிற்சி

பூச்சியைத் தேடிப் போகும் முன் ஒரு மாலை வேளையைப் பள்ளிப் பிள்ளைகளின் அளவுகோலுக்கு ஒதுக்குங்கள். மேசையில் அளவுகோலைப் படுக்க வைத்து, முதல் குழாயை மட்டும் மாட்டி, ஃபோகஸ் வளையத்தைத் தொலைதூர முனையில் வைத்து, கேமராவை மெல்ல முன்னும் பின்னும் நகர்த்தி மில்லிமீட்டர் கோடுகள் தெளியும் இடத்தில் ஒரு படம் எடுங்கள். படத்தின் அகலத்தில் எத்தனை மில்லிமீட்டர் அடங்குகிறது என்று எண்ணி, சென்சாரின் அகலத்தை அந்த எண்ணால் வகுத்தால் உண்மையான உருப்பெருக்கம் கிடைக்கும். அடுத்து ஃபோகஸ் வளையத்தை அருகாமை முனைக்குத் திருப்பி இன்னொரு படம். இப்படியே மற்ற குழாய்களுக்கும் சேர்க்கைகளுக்கும் செய்யுங்கள். லென்ஸின் முன்விளிம்புக்கும் அளவுகோலுக்கும் உள்ள இடைவெளியையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். வயலில் ஒரு பூச்சியைக் கண்டவுடன் எந்தக் குழாய், எவ்வளவு அருகில் என்று கை தானாக அறிந்திருக்க வேண்டும். பூச்சியின் எதிரில் நின்று குழாய் மாற்றிப் பார்க்க அது நேரம் தராது.

பிறகு அளவுகோலைச் சாய்த்து வைத்து, எஃப்/2, எஃப்/5.6, எஃப்/8, எஃப்/11, எஃப்/16 என ஒவ்வொன்றாக எடுத்துக் கணினியில் ஒப்பிடுங்கள். எத்தனை கோடுகள் தெளிகின்றன, எந்த எண்ணுக்குப் பின் எல்லாக் கோடுகளும் மழுங்கத் தொடங்குகின்றன என்பது உங்கள் லென்ஸுக்கே உரிய விடையாகக் கிடைக்கும். அடுத்தவரின் அட்டவணையை விட இது நம்பகமானது.

ஃபோகஸ் செய்தல்

குழாய் மாட்டிய பிறகு ஃபோகஸ் வளையத்தின் வேலை மாறிவிடுகிறது. அது இப்போது உருவத்தின் அளவை மட்டுமே தீர்மானிக்கும். தெளிவைத் தீர்மானிப்பது உங்கள் உடல். எனவே வளையத்தை வேண்டிய அளவில் வைத்து, பிறகு அதைத் தொடவே தொடாதீர்கள். பூச்சியின் உயரத்துக்கே தாழ்ந்து, இரு முழங்கைகளையும் முழங்காலிலோ தரையிலோ ஊன்றி, இடக்கையால் லென்ஸைத் தாங்கி, மூச்சை விட்ட நிலையில் உடலை ஓரிரு மில்லிமீட்டர் முன்னும் பின்னும் அசையுங்கள். கண்ணின் பளபளப்பு திரையில் துலங்கும் கணத்தில் அழுத்துங்கள். தொடர் படமாக மூன்று அல்லது ஐந்து எடுத்தால் ஒன்றாவது இலக்கில் விழும். உங்கள் கேமராவின் அதிர்வுக் கட்டுப்பாடு தொலைவுப் படங்களுக்கு உதவும் அளவுக்கு இங்கே உதவாது. கை முன்பின் நகர்வதை அதனால் தடுக்க முடியாது.

தெளிவின் தளம் தாள்போல் மெல்லியது என்பதால், கேமராவைப் பூச்சியின் உடலுக்கு இணையாகத் திருப்புவதே பெரிய கலை. ஊசித்தட்டானைப் பக்கவாட்டில் சரியாக இணையாகப் பிடித்தால் 2 மி.மீ. ஆழத்துக்குள் அதன் உடல் முழுவதும் அடங்கிவிடும். சற்றே சாய்ந்தால் தலையோ வாலோ ஒன்றுதான் கிடைக்கும். தாவும் சிலந்தியை எடுக்கும்போது எதிர்ப்பக்கமாக வந்து, முன்னால் உள்ள இரண்டு பெரிய கண்களை மட்டும் தெளிவாக்குங்கள். கால்கள் மங்கினாலும் படம் உயிரோடு இருக்கும்.

காளான், பாசி, மழைத்துளி ஏந்திய மொட்டு போன்ற அசையாதவற்றுக்கு மட்டும் முக்காலியும் நகர்த்தும் தண்டவாளமும் வைத்து, பாதி அளவில் ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு படமாகப் பத்துப் பன்னிரண்டு எடுத்துக் கணினியில் இணைக்கலாம்.

வெளிச்சமும் காற்றும்

ஆனி முதல் ஆவணி வரை விடிந்து ஒரு மணி நேரத்துக்குள் மட்டுமே இங்கே காற்று ஓரளவு தணிந்திருக்கும். அந்த நேரத்தில் தட்டான்கள் பனித்துளியோடு புல்லில் உறங்கிக் கொண்டிருக்கும். உடல் சூடேறும் வரை பறக்காது. மேக்கரை, பண்பொழிப் பக்கம் வயல் வரப்பின் கீழ்ச்சரிவு, ஓடைக்கரைப் புதர், வீட்டுச் சுற்றுச்சுவரின் கிழக்குப் புறம் ஆகியவை மேற்கிலிருந்து வரும் காற்றுக்கு மறைவானவை. ஐப்பசியில் காற்று திசை மாறித் தளர்ந்த பிறகுதான் முழு அளவுக்கான உண்மையான பருவம்.

தண்டின் அடிப்பகுதியைத் துணிக் கிளிப் பொருத்திய குச்சியால் தாங்கலாம். செடியின் காற்றுப் பக்கத்தில் குடையைத் தரையோடு சாய்த்து வைத்தால் காற்றும் தடைபடும், வெள்ளைக் குடையானால் வெளிச்சமும் திரும்பும். பூச்சியைக் குளிர்பெட்டியில் வைத்து மந்தமாக்கி எடுக்கும் பழக்கத்தை நான் ஏற்பதில்லை. அது பூச்சிக்குத் துன்பம் தருவதோடு, அப்படிப் பிறந்த படத்தில் அதன் நிற்பும் இயல்பாக இருப்பதில்லை.

காற்றை வெல்ல உறுதியான வழி ஃப்ளாஷ். குறைந்த திறனில் அதன் மின்னல் சில ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிதான் நீடிக்கும். அதற்குள் இலை நகர நேரமில்லை. கேமராவை 1/160 நொடி, ஐஎஸ்ஓ 200, எஃப்/8 என வைத்து, ஃப்ளாஷைக் கைமுறையில் 1/16 திறனிலிருந்து தொடங்கி, படத்தைப் பார்த்துக் கூட்டியோ குறைத்தோ கொள்ளுங்கள். வெறும் ஃப்ளாஷ் பூச்சியின் ஓட்டில் வெள்ளைப் பொட்டாகத் தெறிக்கும் என்பதால் ஒளியைப் பரப்பியே ஆக வேண்டும். கெட்டி அட்டையைக் கூம்பாக மடித்து, உட்புறம் வெள்ளைத்தாள் ஒட்டி, வாயில் இரண்டு அடுக்கு டிரேசிங் தாள் போட்டு, அந்த வாய் லென்ஸின் முன்விளிம்புக்கு மேலே பூச்சியை நெருங்கி நிற்குமாறு கட்டுங்கள். பூச்சிக்கு எவ்வளவு அருகில், எவ்வளவு பெரிதாக இருக்கிறதோ அவ்வளவு மென்மையான ஒளி விழும். ஃபிலிம் காலத்துப் பழைய ஃப்ளாஷை மட்டும் டிஜிட்டல் கேமராவின் மேல் நேரடியாக மாட்ட வேண்டாம். சிலவற்றின் தூண்டு மின்னழுத்தம் 200 வோல்ட்டையும் தாண்டும், கேமராவின் மின்சுற்றைக் கெடுத்துவிடும்.

காட்டோரத் தோப்புகளில் விடியலுக்கு முன் தனியே நுழையாதீர்கள். குனிந்து திரைக்குள் பார்த்துக்கொண்டிருக்கும்போது யானையோ பன்றியோ வருவது தெரியாது. காப்புக்காட்டுக்குள்ளும், எல்லைக்கு அப்பால் செந்துருணிச் சரணாலயத்துக்குள்ளும் வனத்துறையின் அனுமதி வேண்டும். உண்மையில் அவ்வளவு தூரம் போகத் தேவையும் இல்லை. கொல்லைப்புறக் கறிவேப்பிலைச் செடியிலேயே பாதி அளவுக்கு வேண்டிய அத்தனை உயிரும் இருக்கிறது.

வீடு திரும்பிய பின்

சாரலில் போய்வந்த கேமராவைப் பையோடு அலமாரியில் வைத்துவிட வேண்டாம். குழாய்களைத் தனித்தனியே பிரித்து, திருகுகளைத் துடைத்து, காற்றாடியின் கீழ் ஒரு மணி நேரம் உலர விடுங்கள். லென்ஸை வெயிலில் காய வைப்பதும் தவறு. உட்புற மசகு இளகி இதழ்களில் இறங்கிவிடும். என்னிடம் என்லார்ஜர் லென்ஸை விற்ற பழைய ஸ்டுடியோக்காரர் அதைத் துணியில் சுற்றிக் கையில் கொடுக்கும்போது, "தம்பி, நெல்லுக்குத்தான் வெயிலு. இதுக்கு நிழலும் காத்தும் போதும்" என்றார். உலர்ந்தவற்றைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்து, பொட்டலத்தின் மணிகள் நிறம் மாறியவுடன் சட்டியில் இளஞ்சூட்டில் வறுத்து மீண்டும் போடுங்கள். அந்தப் பெட்டி மூடியின் உட்புறத்தில், அளவுகோல் பயிற்சியில் குறித்த எண்களை ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிடுங்கள்: எந்தக் குழாய், எந்த லென்ஸ், எத்தனை மில்லிமீட்டர் அகலம், எவ்வளவு இடைவெளி. காலையில் பெட்டியைத் திறக்கும்போது முதலில் கண்ணில் படுவது அதுவாக இருக்கட்டும்.